பாவனைக் கம்பி பிறந்த கதை

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகள் பல பங்குக் கிணறுகள். காணி உறுதியில் பரப்புக் கணக்கோடு கிணற்றுப் பங்கும் எழுதப்பட்டிருக்கும். நாலு பங்காளிகள் என்றால் நாலு பேருக்கும் முறை உண்டு. உங்கள் முறை வந்தால் துலா உங்களுடையது. துலா போய் இறைப்பு மெசின் வந்த பிறகும் முறை மாறவில்லை. உங்கள் நேரத்தில் நீங்கள் இறைக்காமல் விட்டால் கிணறு சும்மா கிடக்குமே தவிர, பக்கத்துக் காணிக்காரர் கை வைக்கமாட்டார். வைத்தால் அது வழக்குவரை போகும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொலைபேசிக் குரலைத் தூரத்துக்குக் கொண்டுபோன இயந்திரங்களுக்கும் இதே சட்டம்தான். பாரிஸில் வேலை செய்த ஆங்கிலப் பொறியியலாளர் அலெக் ரீவ்ஸ், குரலை எண்களாக்கி அனுப்பும் வழிக்கு 1938இல் பிரெஞ்சுக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வெற்றிடக் குழாய்களின் காலத்தில் அது கட்டுப்படியாகவில்லை. டிரான்சிஸ்டர் வந்தபின், 1962இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் 24 குரல்களை ஒரே தொடுப்பில் அனுப்பத் தொடங்கியது. ஐரோப்பா 32 பங்கு கொண்ட வடிவத்தை எடுத்துக்கொண்டது. ஈ1 என்று அதற்குப் பெயர். இலங்கையும் இந்தியாவும் அதையே பின்பற்றின.

ஈ1இன் கணக்கு இப்படி. குரல் அலையை நொடிக்கு 8,000 தடவை அளக்க வேண்டும். ஒவ்வோர் அளவும் 8 பிட். ஆகவே ஒரு குரலுக்கு நொடிக்கு 64,000 பிட். ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையில் 125 மைக்ரோ நொடிதான் இருக்கிறது. அதற்குள் 32 பங்காளிகளும் ஆளுக்கு ஒரு முறை வந்து எட்டு எட்டு பிட்டாக இறைத்துவிட்டுப் போக வேண்டும். 30 பேர் குரல் சுமப்பவர்கள். ஒருவர் சுற்று எங்கே தொடங்குகிறது என்று அடையாளம் காட்டுகிறவர். மற்றவர் மணி அடிப்பது, இலக்கம் கடத்துவது போன்ற ஏவல் வேலைக்காரர். யாராவது பேசாமல் இருந்தாலும் அவருடைய முறை வரும், போகும், வெறுமையாகவே ஓடும்.

இந்த முறைகளில் ஒன்றையோ பலவற்றையோ ஒரு வங்கி மாத வாடகைக்கு எடுத்துவிட்டால் அது லீஸ்ட் லைன். புகையிலைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பழகிய மண்ணுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. நட்டாலும் தரிசாய் விட்டாலும் போகம் முடியும்வரை காணி எடுத்தவருடையது. இரவு இரண்டு மணிக்குக் கிளையில் ஆளே இல்லாத நேரத்திலும் அந்த 64 கிலோபிட் அந்த வங்கிக்கென்றே ஓடிக்கொண்டிருக்கும். அதை வீண் செலவு என்று கணினிக்காரர்கள் சொல்வார்கள். நான் அதை ஒரு வாக்கு என்றே எண்ணுகிறேன்: உன் நேரத்துக்கு நீ வந்தால் உனக்கு இடம் இருக்கும்.

வாக்கு அறுந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். 1990இல் இலங்கையின் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் போயின. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் கிளாலியில் வள்ளம் ஏறி, இரவோடு இரவாகக் கடல்நீரேரியைக் கடந்து, வன்னி வழியே வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். அந்த நீரில் உயிர் விட்டவர்கள் பலர். கரை சேர்ந்தவர்கள் கொமினிகேசன் கடை வாங்கில் உட்கார்ந்து, கடிதத்தில் முன்பே குறித்துக்கொண்ட நேரத்துக்கு ‘கோல்’ வரும் என்று காத்திருப்பார்கள். வந்தால் சில நிமிடக் கதை. பாதி நேரம் அழுகை. 1996க்குப் பிறகு யாழ் நகரில் இணைப்புகள் மெல்ல மெல்ல மீண்டன. 2002 ஏப்ரல் 8இல் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்த பின்னரே, போர்நிறுத்தம் நிலவிய அந்தச் சமாதான காலத்தில்தான், கைத்தொலைபேசி எங்கள் பக்கம் பரவியது. 2006 ஆகஸ்டில் பாதை திரும்பவும் மூடியது.

பங்குக் கிணற்றுச் சட்டத்துக்கு நேர் எதிரான ஒரு யோசனை 1960களின் தொடக்கத்திலேயே பிறந்திருந்தது. அமெரிக்காவில் ராண்ட் நிறுவனத்தில் இருந்த பால் பாரன், அணுகுண்டு விழுந்து பாதித் தொடர்பு நிலையங்கள் அழிந்தாலும் மிச்சப் பாதி பேசிக்கொள்ள ஒரு வலை எப்படி இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். செய்தியைத் துண்டு துண்டாக்கு; ஒவ்வொரு துண்டிலும் போய்ச் சேரவேண்டிய முகவரியை எழுது; எந்த வழி திறந்திருக்கிறதோ அந்த வழியில் விடு. ஆனையிறவு என்னும் ஒற்றைக் கழுத்தை நம்பி வாழ்ந்த ஊரார் பாரனின் வலைப் படத்தைப் பார்த்தால் பெருமூச்சு விடாமல் இருக்க முடியாது. அதே யோசனையைத் தனியாக வந்தடைந்த பிரித்தானியர் டொனால்ட் டேவிஸ், அந்தத் துண்டுக்குப் பெயர் வைத்தார். பிற மொழிகளிலும் இலகுவாகப் பெயர்க்கக்கூடிய சொல் வேண்டும் என்று மொழி அறிந்தவரைக் கேட்டு அவர் தேர்ந்த சொல் ‘பக்கெற்’. தமிழில் நாங்கள் அதைப் பொதி என்கிறோம்.

பொதி வலையில் யாருக்கும் முறை இல்லை. சரக்கு இருப்பவர் அனுப்பலாம், இல்லாதவர் சும்மா இருக்கலாம். கோப்புகளுக்கும் மின்னஞ்சலுக்கும் அது வசதி. ஆனால் லொறி நெரிசலில் மாட்டுவதுபோல் பொதி தாமதிக்கும், முந்திப் போனது பிந்தி வரும், சில தொலைந்தே போகும். கடிதம் பத்து நிமிடம் பிந்தினால் யாரும் கவனிப்பதில்லை. ‘அம்மா’ என்ற சொல்லின் ‘மா’ அரை நொடி பிந்தினால் அது சொல்லே இல்லை.

இந்த முரணில் முதலில் கை வைத்தவர் டேனி கோஹன். 1974 ஆகஸ்டில் அவரும் கூட்டாளிகளும் கலிபோர்னியாவுக்கும் மாசசூசெட்ஸுக்கும் இடையே, இணையத்தின் முன்னோடி வலையான அர்ப்பாநெற் வழியாகக் குரலைப் பொதிகளாக அனுப்பிக் காட்டினார்கள். அந்தச் சோதனையால் அவர் அறிந்த ஒன்று பின்னாளின் இணையத்தையே மாற்றியது. அக்கால வலை விதி, தொலைந்த பொதியைத் திரும்பக் கேட்டு வாங்கும்வரை மற்றவற்றை மறித்து வைத்திருந்தது. குரலுக்கு அது நஞ்சு. பிந்தி வரும் துண்டைவிட வராத துண்டு மேல்; சிறு ஓட்டையைக் காது தானாக நிரப்பிக்கொள்ளும். கோஹனைப் போன்றோர் வற்புறுத்தியதால்தான் 1978இல் டிசிபி என்ற ஒரே விதி இரண்டாகப் பிரிந்து, பொதியை முகவரிக்குச் சேர்க்கும் ஐபி தனியே நின்றது. திரும்பக் கேட்காத, வழியில் மறித்து வைக்காத யூடிபி 1980இல் வந்தது. இன்றைக்கு வாட்ஸப்பில் மகன் பேசும் சொல்லும் பெரும்பாலும் அந்த யூடிபியின் முதுகில் ஏறித்தான் வருகிறது.

1990களின் பிற்பகுதியில் இந்த வழி வியாபாரமானது. அதன் முதல் பெரும் வாடிக்கையாளர்களில் புலம்பெயர்ந்தவர்களும் அடங்குவர். பாரிஸ் லாச்சப்பலிலும் ரொறன்ரோவிலும் லண்டன் ஈஸ்ற்ஹாமிலும் கடைக் கண்ணாடியில் அடுக்கியிருந்த ரெலிபோன் காட்கள் நினைவிருக்கும். வெள்ளித் தாளைச் சுரண்டி இலக்கம் அழுத்தி, காட் போட்டுக் கதைத்த காலம். அந்தக் காட்கள் மலிந்ததற்கு ஒரு காரணம், குரல் கடல் கடக்கும் தூரத்தைப் பொதிகளாகக் கடந்தது. ஜி.729 என்னும் சுருக்கும் முறை 64 கிலோபிட் குரலை 8 கிலோபிட்டாக்கியது. எட்டில் ஒரு பங்கு. மனிதத் தொண்டையின் இயல்பை அறிந்து சுருக்கியதால் அம்மாவின் குரல் அடையாளம் மாறாமல் வந்தது. தொலைநகல் மட்டும் அந்த வழியில் செத்தது. அதன் கீச்சொலி எந்தத் தொண்டையிலிருந்தும் வராதது. விசாப் பத்திரம் அனுப்பக் கொமினிகேசன் கடைக்குப் போனவர்கள் அந்தக் கோபத்தை அறிவார்கள்.

குரலுக்கு இப்படி ஒரு வழி பிறந்துவிட்டது. லீஸ்ட் லைன் என்ன செய்யும்? அங்கே ஓடுவது என்ன என்று யாருக்கும் தெரியாது. வங்கியின் கணக்காக இருக்கலாம், மின்நிலையத்தின் பாதுகாப்புச் சமிக்ஞையாக இருக்கலாம், ஓர் அலுவலகத்தின் முப்பது உள்தொலைபேசிகளாக இருக்கலாம். சுருக்கக் கூடாது, திறந்து பார்க்கக் கூடாது. அந்த முனையில் இருக்கும் இயந்திரம் இன்னும் பதினைந்து ஆண்டு உழைக்கும். அதை எறிந்துவிட்டுப் புதிது வாங்கு என்று வாடிக்கையாளரிடம் சொல்லவும் முடியாது. நடுவில் இருந்த தொலைபேசி நிறுவனங்களோ பழைய கருவிகளைக் கைவிட்டு ஈதர்நெற், ஐபி என்னும் பொதி வழிகளுக்கு மாறிக்கொண்டிருந்தன.

இதற்கு முன்பே ஏடிஎம் என்று ஒரு சமரச வலை வந்திருந்தது. வங்கிப் பணப்பெட்டியோடு பெயர் மட்டும் ஒன்று. ஒரு பொதியில் எவ்வளவு ஏற்றுவது என்று ஐரோப்பியர் 32 பைட் கேட்க, அமெரிக்கர் 64 கேட்க, இரண்டுக்கும் நடுவே 48 என்று முடித்தார்கள். சிறு பொதி வேண்டும் என்று ஐரோப்பியர் நின்றதற்குக் காரணம் எதிரொலி: பொதி நிரம்பக் காத்திருக்கும் நேரம் கூடினால் பேசுபவருக்குத் தன் குரலே திரும்பிக் கேட்கும். அருமையான வேலைதான். ஆனால் ஈதர்நெற்றின் மலிவு அதை விழுங்கிவிட்டது.

1990களின் இறுதியில் இஸ்ரேலின் ராட் நிறுவனம் ஈ1ஐ அப்படியே ஐபி பொதிகளில் ஏற்றி அனுப்பும் சிறு பெட்டிகளைச் செய்யத் தொடங்கியது. இணைய விதிகளை வகுக்கும் இணையப் பொறியியல் பணிக்குழு 2001இல் இதற்கென்று ஓர் அணியை அமைத்தது. அவர்கள் ஆங்கிலத்தில் வைத்த பெயரைப் போலிக் கம்பி என்று பெயர்க்கலாம். எனக்கு அது பொறுக்கவில்லை. போலி என்றால் ஏமாற்று. பாவனைக் கம்பி என்பதே சரி என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் பாவனை என்றால் ஒன்றைப் போல் நடித்தல். எங்கள் ஊரில் பாவித்தல் என்றால் பயன்படுத்தல். பாவனை என்றால் புழக்கம். கம்பி போல் நடிக்கும், கம்பியாகவே பாவிக்கலாம். இரண்டு கரைத் தமிழும் சேர்ந்து அந்தக் கருவியின் முழு இலக்கணத்தைச் சொல்லிவிடுகின்றன.

அணிக்குள் மூன்று கருத்துகள் மோதின. கிணற்று நீர் யாருடைய முறை என்று பார்க்காதே, வாளி நிறைந்ததும் மூடி அனுப்பு என்றது ஒன்று; சாட்டோப் என்னும் அது 2006 ஜூனில் ஆர்எஃப்சி 4553 என்னும் இணையத் தர ஆவணம் ஆகியது. அதை எழுதியவர்கள் அலெக்சாண்டர் வைன்ஸ்டைனும், ராட் நிறுவனத்தின் யாக்கோவ் ஸ்டைனும். ஈ1க்கு அதன் வாளி 256 பைட். 32 பங்காளிகளின் எட்டுச் சுற்று. சரியாக ஒரு மில்லி நொடிக்கு ஒரு பொதி, நொடிக்கு ஆயிரம். முறைகளை அறிந்து, வெறுமையானவற்றை விட்டுவிட்டு அனுப்பலாமே என்றது அடுத்தது. ஏடிஎம் காலத்துப் பொதிக் கட்டைக் கடன் வாங்கியது மூன்றாவது, ராட்டின் சொந்த வழி. ஒரே வழிக்கு உடன்பட முடியாமல் பின் இரண்டும் 2007 டிசம்பரில் தகவல் ஆவணங்களாக மட்டும் வந்தன. பெரிய சண்டையாகத் தெரிந்தது. உள்ளே இருந்த உண்மையான சிக்கல் வேறு.

அது கடிகாரம்.

பழைய கம்பி பிட்டுகளை மட்டும் சுமக்கவில்லை. தாளத்தையும் சுமந்தது. கொழும்பில் அடிக்கும் துடிப்பே யாழ்ப்பாணத்துக் கருவியின் துடிப்பும். அதைப் பார்த்தே கடைசிக் கருவிவரை நேரம் வைத்துக்கொண்டது. பொதிகள் தாளம் இல்லாமல் வருபவை. இந்த முனையில் சொந்தமாக ஒரு குவார்ட்ஸ் படிகத்தை வைத்து ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். ஈ1க்கு அனுமதிக்கப்பட்ட பிழை பத்து லட்சத்தில் 50 பங்கு. மிகச் சிறியதாகத் தோன்றும். ஆனால் அந்தப் பிழையோடு இரண்டரை நொடி ஓடினால் ஒரு முழுச் சுற்று, 125 மைக்ரோ நொடி, பிசகிவிடும். ஒரு சுற்று தொலையும், அல்லது ஒரு சுற்று இரண்டு தடவை வரும். பேச்சில் அது ஒரு சின்ன ‘டிக்’. தொலைநகலில் ஒரு வரி. வங்கித் தரவில் ஒரு பிழை, மறுபடி அனுப்பு என்று ஒரு சுற்று. ஒப்பிட்டுப் பாருங்கள்: பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு பிழைக்கு மேல் போகாத இரண்டு அணுக் கடிகாரங்களை இரு முனையிலும் வைத்தால், எதிரெதிர்த் திசையில் பிசகினாலும் அதே தவறு 72 நாளுக்கு ஒரு தடவைதான் வரும். ஒவ்வொரு வங்கிக் கிளைக்கும் அணுக் கடிகாரம் வாங்கிக் கொடுக்க யாரால் முடியும்?

அவர்கள் கையாண்ட வழியை எந்தத் தோட்டக்காரருக்கும் விளக்கிவிடலாம். மெசின் தண்ணீர் விட்டு விட்டு அடிக்கும், கொஞ்சம் வேகம், கொஞ்சம் மந்தம். அதை நேரே வாய்க்காலில் விடாமல் ஒரு தொட்டியில் விடுங்கள். தொட்டியின் துவாரத்தைப் பாதி திறந்து வையுங்கள். இப்போது தொட்டியின் மட்டத்தை மட்டும் கவனியுங்கள். மட்டம் ஏறிக்கொண்டே போனால் நீங்கள் மெதுவாக விடுகிறீர்கள், துவாரத்தை ஒரு மயிரிழை கூட்டுங்கள். இறங்கிக்கொண்டே போனால் குறையுங்கள். அவசரப்பட்டு ஒவ்வோர் அலைக்கும் கை வைத்தால் வாய்க்காலில் அலைதான் அடிக்கும். பொறுத்திருந்து நீண்ட நேரச் சராசரியைப் பார்க்க வேண்டும். பொறுமையாகத் திருத்தினால் துவாரத்தின் வேகமும் கண்காணாத தூரத்தில் இறைக்கும் மெசினின் சராசரி வேகமும் ஒன்றாகிவிடும். வாய்க்காலில் நிற்கும் பயிருக்கு மெசின் திக்கித் திக்கி ஓடியதே தெரியாது.

பாவனைக் கம்பியின் உயிர் அந்தத் தொட்டி. பொதிகள் வந்து விழும் நினைவகமே தொட்டி, வெளியேறும் கடிகாரமே துவாரம். தொட்டி ஆழமானால் குரல் பிந்தும், ஆழம் குறைந்தால் நெரிசல் நேரத்தில் வற்றிப் போகும். அளவு பார்த்து வைப்பது இன்றைக்கும் பொறியியலாளரின் கைப்பக்குவம். எனக்கு இதில் மிகப் பிடித்தது என்னவென்றால், தூரத்துக் கடிகாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் யாரும் அனுப்பவில்லை. வந்து சேர்ந்த பொதிகளின் வரவிலிருந்தே அதன் துடிப்பை ஊகித்துக்கொள்கிறது பெட்டி. கடிதம் வரும் இடைவெளியை வைத்தே மகன் எப்படி இருக்கிறான் என்று கணித்த தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தாளத்தை அதிகம் நம்பியிருந்தவை வங்கிகள்கூட அல்ல, கைத்தொலைபேசிக் கோபுரங்கள். எங்கள் பக்கத்து 2ஜி கோபுரத்துக்குள் போகும் கம்பி ஈ1தான். அந்தக் கம்பியின் துடிப்பைப் பார்த்தே கோபுரம் தன் வானொலி அலையைச் சுருதி சேர்க்கும். அனுமதிக்கப்பட்ட பிழை இரண்டு கோடியில் ஒரு பங்கு. சுருதி விலகினால், பஸ்ஸில் போகிறவரின் அழைப்பை ஒரு கோபுரம் அடுத்த கோபுரத்திடம் கைமாற்றும்போது லைன் அறும். 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னர் குடாநாட்டில் கோபுரங்கள் பெருகிய காலம், உலகெங்கும் 3ஜிக்காகக் கோபுரத் தொடுப்புகள் பொதி வலைக்கு மாறிய காலம். பழைய 2ஜியைப் புதிய பொதி வழியில் ஏற்றப் பாவனைக் கம்பி வேண்டியிருந்தது. நெரிசலான வலையில் தொட்டி வித்தை மட்டும் போதாமல் போனபோது வேறு துணைகள் வந்தன: பொதியிலேயே நேரத்தை எழுதி அனுப்பும் ஐஇஇஇ 1588இன் இரண்டாம் பதிப்பு 2008இல், ஈதர்நெற்றின் மின்துடிப்பையே தாளமாக்கும் தரம் அதற்கு ஓராண்டு முன். ஜிபிஎஸ் செய்மதியைப் பார்த்து நேரம் வைத்த கோபுரங்களும் உண்டு.

இப்போது கதை கடைசிக் கம்பிக்கு வந்திருக்கிறது. யாழ்ப்பாண வீடுகளுக்கும் ஃபைபர் வருகிறது. செப்புக் கம்பி சுமந்த ஒன்றை அது சுமக்க முடியாது. செப்பு வழியே இணைப்பகத்துப் பற்றரியின் 48 வோல்ட் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது; ஊரே இருண்டாலும் ரெலிபோன் அடிக்கும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. 2022 மார்ச் இறுதியில் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது எங்கள் வீட்டு மூலையில் ஃபைபரின் சிறு வெள்ளைப் பெட்டி விளக்கு அணைந்து கிடந்ததைப் பார்த்தேன். பற்றரி ஒன்று வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று முன்னமே யாரும் சொல்லவில்லை. பிரித்தானியாவும் இதே இடத்தில்தான் தடுக்கி நின்றது. 2025 முடிவில் பழைய தொலைபேசி வலையை நிறுத்துவதாக இருந்தவர்கள், தனியே வாழும் முதியோர் கழுத்தில் மாட்டியிருக்கும் அவசரப் பொத்தான்கள் புது வழியில் ஊமையாகிவிடுமோ என்ற கவலையில் 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போட்டார்கள். ஹரோவிலும் ஈஸ்ற்ஹாமிலும் அந்தப் பொத்தானை மாட்டிக்கொண்டு எங்கள் ஊர் ஆச்சிமாரும் இருக்கிறார்கள். முனையில் இருப்பவர் எதையும் மாற்றவேண்டியதில்லை என்பதே பாவனைக் கம்பியைச் செய்தவர்களின் முதல் விதி. அந்த விதியை வீட்டு வாசலோடு நிறுத்திக்கொண்டது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

குரல் வழியில் மட்டும் முனையில் இருப்பவரின் மனத்தை ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். பொதி வலையில் ஒருவர் பேசாத நேரத்தில் பொதிகளை அனுப்பாமல் விட்டால் மிச்சம் பிடிக்கலாம். செய்து பார்த்தார்கள். மறுமுனையில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். பழைய கம்பியில் எப்போதும் ஒரு மெல்லிய இரைச்சல் இருந்தது. அது நின்றதும் லைன் அறுந்ததாகவே காது எண்ணியது. ஆகவே மௌனம் தொடங்கும்போது ‘இவ்வளவு இரைச்சல்’ என்று ஒரேயொரு சிறு குறிப்பை மட்டும் அனுப்பும் வழக்கம் வந்தது. 2002இல் ஆர்எஃப்சி 3389 அதற்கு வடிவம் கொடுத்தது. ரொறன்ரோவில் மகள் சொல்ல வந்ததைச் சொல்லாமல் நிற்கும்போது கோப்பாயில் அம்மாவுக்குக் கேட்கும் அந்த ‘உஸ்’ கடல் கடந்து வருவதில்லை. காதோடு ஒட்டியிருக்கும் கருவிதான் அதை அந்த இடத்திலேயே உண்டாக்குகிறது, அம்மா பதறிப்போய் ‘ஹலோ, ஹலோ, கேக்குதோ பிள்ளை?’ என்று கேட்காமல் இருக்க.